யாரும் அழுத்தாத எக்ஸ்.25 பட்டன்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? இண்டர்நெட் கேபிள் எதையும் செருகாமல் அதை ஒரு முறை இயக்கிப் பாருங்கள். கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, அங்குள்ள டயல்-அப் இணைப்பின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்திடுங்கள். (டயல்-அப் இணைப்பு எதுவும் இல்லையெனில், ஏதாவது ஒரு எண்ணைக் கொடுத்து ஒன்றை உருவாக்கிக் கொள்ளலாம்.) கிடைக்கும் விண்டோவில் ஆப்ஷன்ஸ் என்னும் டேப்பைக் கிளிக் செய்தால், கீழே ஒரு சிறிய பட்டன் தெரியும். அதன் பெயர் எக்ஸ்.25.

டயல்-அப் காலத்தில் இந்த டேப்பை நம்மில் பலர் எத்தனையோ முறை திறந்திருப்போம். லைன் கிடைக்காவிட்டால் எத்தனை முறை ரீடயல் செய்திட வேண்டும், எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பதையெல்லாம் இங்குதான் அமைத்தோம். ஆனால் இந்தப் பட்டனை யாரும் தொட்டதில்லை. தொட்டிருந்தால் நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சிறிய விண்டோ திறந்திருக்கும். நெட்வொர்க், எக்ஸ்.121 அட்ரஸ், யூசர் டேட்டா, பெசிலிட்டீஸ். எதுவும் புரியாமல் கேன்சல் செய்துவிட்டு வந்திருப்போம்.

அந்தப் பட்டனுக்குப் பின்னால் ஒரு முழு உலகமே இருந்தது. வங்கிகளும் பங்குச் சந்தைகளும் விமான நிறுவனங்களும் பல ஆண்டுகள் அதில்தான் ஓடின. நாம் இன்று பயன்படுத்தும் இண்டர்நெட்டுக்கு அது ஒரு பங்காளி. ஒரு காலத்தில் பலமான போட்டியாளரும்கூட. இருவருக்கும் இடையே நடந்த சண்டை ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. நாம் அனுப்பும் தகவல் வழியில் தொலைந்து போனால் அதற்கு யார் பொறுப்பு? நெட்வொர்க்கா, அல்லது நம் கம்ப்யூட்டரில் உள்ள ஆபரேட்டிங் சிஸ்டமா? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் உங்கள் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரின் வேலையையே மாற்றி அமைத்தது. அதனை இங்கு பார்ப்போம்.

முதலில், பாக்கெட் என்றால் என்ன?

சாதாரண டெலிபோன் அழைப்பை எடுத்துக் கொள்வோம். பழைய முறையில், சென்னையிலிருந்து மதுரைக்கு நீங்கள் பேசும் நேரம் முழுவதும் ஒரு வழி உங்களுக்காகவே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் பேசாமல் யோசித்துக் கொண்டிருந்தாலும் அந்த வழியை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. கம்ப்யூட்டர்களுக்கு இது ஒத்துவரவில்லை. கம்ப்யூட்டர் ஒரு விநாடி நிறைய பேசும். பிறகு பல விநாடிகள் சும்மா இருக்கும்.

மாற்று வழி இது. பத்துப் பக்கக் கடிதம் ஒன்றை அனுப்ப வேண்டும் என வைத்துக் கொள்ளுங்கள். அதைப் பத்து போஸ்ட் கார்டுகளில் எழுதி, ஒவ்வொன்றிலும் முகவரியையும் வரிசை எண்ணையும் போட்டு, தபால் பெட்டியில் போட்டுவிடலாம். ஊரில் எல்லாருடைய கார்டுகளும் ஒரே பையில் போகும். பெறுபவர் எண்ணைப் பார்த்து அடுக்கிப் படித்துக் கொள்வார். தகவலை இப்படிச் சிறு துண்டுகளாக்கி அனுப்புவதுதான் பாக்கெட் ஸ்விட்சிங். 1960களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பேரன், பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் டேவிஸ் ஆகிய இருவரும் தனித்தனியே இந்த வழியைக் கண்டனர். பாக்கெட் என்ற பெயரைச் சூட்டியவர் டேவிஸ். 1969 அக்டோபர் 29 அன்று ஆர்பாநெட் நெட்வொர்க்கில் முதல் செய்தி சென்றது.

சரி, பத்து கார்டுகளில் ஏழாவது கார்டு தொலைந்துவிட்டால்? இங்குதான் இரண்டு கட்சிகள் பிரிகின்றன.

தபால்காரரே பொறுப்பு: எக்ஸ்.25 வழி

முதல் கட்சியில் இருந்தவர்கள் டெலிபோன் துறையினர். தகவலைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது எங்கள் தொழில். வாடிக்கையாளர் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை. சர்வதேசத் தந்தி, தொலைபேசி ஆலோசனைக் குழுவான சிசிஐடிடி 1976-இல் எக்ஸ்.25 என்னும் தர விதியை அங்கீகரித்தது. (இந்த அமைப்புதான் பின்னர் ஐடியு-டி எனப் பெயர் மாறியது.)

எக்ஸ்.25 முறையில், தகவல் அனுப்பும் முன் எதிர்முனையை அழைக்க வேண்டும். எதிர்முனை ஒப்புக்கொண்டால், இரண்டுக்கும் இடையில் ஒரு கற்பனை வழி உருவாகும். இதனை விர்ச்சுவல் சர்க்யூட் என்பார்கள். ஒரே கம்பியில் இப்படிப் பல அழைப்புகள் நடக்கலாம். எந்த பாக்கெட் எந்த அழைப்பைச் சேர்ந்தது எனக் காட்ட, ஒவ்வொரு பாக்கெட்டிலும் 12 பிட் அளவுள்ள சேனல் எண் இருக்கும்.

எக்ஸ்பி கட்டத்தில் பார்த்தோமே, எக்ஸ்.121 அட்ரஸ், அதுதான் டெலிபோன் எண் போன்ற முகவரி. அதிகபட்சம் 14 இலக்கங்கள். முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் காட்டும். நான்காவது இலக்கம் அந்த நாட்டில் எந்த நெட்வொர்க் என்பதைக் காட்டும். அமெரிக்காவின் டெலிநெட் 3110. பிரான்சின் டிரான்ஸ்பாக் 2080. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. உங்கள் செல்போனின் சிம் கார்டில் ஐஎம்எஸ்ஐ என்னும் எண் பதிவாகியிருக்கும். அதன் முதல் மூன்று இலக்கங்களும் நாட்டு எண்ணே. அதில் பிரான்சுக்கு 208, பிரிட்டனுக்கு 234, இந்தியாவுக்கு 404. எக்ஸ்.121 பட்டியலிலும் இந்நாடுகளுக்கு இதே எண்கள்தாம். பழைய நெட்வொர்க்கின் சாயல் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். எக்ஸ்.25 நெட்வொர்க்கில் ஒவ்வொரு ஸ்விட்சும் தனக்கு வந்த பாக்கெட்டை முழுமையாக வாங்கி, பிழை இருக்கிறதா எனச் சோதித்து, சரியாக இருந்தால் மட்டுமே அடுத்த ஸ்விட்சுக்கு அனுப்பும். தவறாக இருந்தால் அனுப்பியவரிடமே திரும்பக் கேட்கும். அடுத்த ஸ்விட்ச் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும் வரை தன் பிரதியைக் கையில் வைத்திருக்கும். இரைச்சல் நிறைந்த அக்காலச் செம்புக் கம்பிகளுக்கு இது தேவையான கவனம்தான்.

இந்தக் கவனத்திற்கு ஒரு விலை இருந்தது. வழக்கமான பாக்கெட் அளவு 128 பைட், அதாவது 1,024 பிட். விநாடிக்கு 9,600 பிட் செல்லும் லைனில் இந்த ஒரு பாக்கெட்டை முழுமையாக வாங்கி முடிக்கவே பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு மேல் ஆகும். வழியில் நான்கு லைன்கள் என்றால் ஏறக்குறைய அரை விநாடி போய்விடும். பில்லும் அப்படியே. இணைப்பில் இருந்த நேரத்திற்கு ஒரு கட்டணம். அனுப்பிய தகவலுக்கு, 64 பைட் கொண்ட துண்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று இன்னொரு கட்டணம்.

யாரெல்லாம் இதில் ஓடினார்கள்?

பிரான்ஸ்தான் சிறந்த உதாரணம். 1978-இல் திறக்கப்பட்ட டிரான்ஸ்பாக் நெட்வொர்க்கின் மேல்தான் புகழ்பெற்ற மினிடெல் சேவை இயங்கியது. வீட்டு டெலிபோனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய திரையும் கீபோர்டும். டெலிபோன் டைரக்டரி பார்க்கலாம். ரயில் டிக்கெட் பதிவு செய்யலாம். வங்கிக் கணக்கைப் பார்க்கலாம். முகம் தெரியாதவர்களுடன் அரட்டை அடிக்கலாம். இவையெல்லாம் வேர்ல்ட் வைட் வெப் பிறப்பதற்கு முன்பே பிரெஞ்சு மக்களின் வீட்டில் நடந்தன. மினிடெல் 2012 ஜூன் 30 அன்றுதான் மூடப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்கு இடம் இருந்தது. மும்பையில் உள்ள தேசியப் பங்குச் சந்தையில் 1994 நவம்பரில் பங்கு வர்த்தகம் தொடங்கியது. ஊர் ஊராக இருந்த புரோக்கர் அலுவலகங்களை அது விசாட் என்னும் சாட்டிலைட் ஆன்டெனாக்கள் மூலம் இணைத்தது. அந்த இணைப்பில் பயன்பட்ட புரோட்டோகால் எக்ஸ்.25. கூச்சல் போட்டுப் பங்கு வாங்கிய காலம் முடிந்து, திரையைப் பார்த்து வாங்கும் காலம் இந்தியாவில் அதன் மேல் ஏறித்தான் வந்தது.

கம்ப்யூட்டருக்கு என்ன வேலை மிச்சம்?

நெட்வொர்க்கே எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டால், ஆபரேட்டிங் சிஸ்டத்திற்குப் பெரிய வேலை இல்லை. மினிடெல் போன்ற டெர்மினலுக்கு ஆபரேட்டிங் சிஸ்டமே தேவையில்லை. நீங்கள் தட்டும் எழுத்துகளைச் சேர்த்து, பாக்கெட்டாகக் கட்டி அனுப்பும் பொறுப்பை நெட்வொர்க்கின் வாசலில் உள்ள பேட் என்னும் கருவி ஏற்றுக் கொள்ளும். நீங்கள் எழுத்தை மட்டும் தட்டினால் போதும்.

பெரிய கம்ப்யூட்டர்களுக்கு நிலைமை வேறு. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான அழைப்புகளைக் கையாள, தனி பிராசசர் கொண்ட ஒரு கார்டு வாங்க வேண்டும். அதனுடன் பேச ஆபரேட்டிங் சிஸ்டத்திற்கு ஒரு சாப்ட்வேர் வாங்க வேண்டும். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், சன் நிறுவனத்தின் சோலாரிஸ், டிஜிட்டல் எக்விப்மெண்ட்டின் விஎம்எஸ் ஆகிய எல்லாவற்றுக்கும் எக்ஸ்.25 சாப்ட்வேர் இருந்தது. ஆனால் சிஸ்டத்துடன் இலவசமாக வருவதில்லை. தனிப் பொருளாக, தனி விலைக்கு விற்கப்பட்டது.

மைக்ரோசாப்ட் விண்டோஸ் என்டியில் ரிமோட் ஆக்சஸ் வசதியைத் தந்தபோது எக்ஸ்.25 இணைப்பையும் சேர்த்தது. வெளியூர் சென்ற விற்பனையாளர் ஓட்டலிலிருந்து மோடம் மூலம் அருகிலுள்ள பேட் கருவியை அழைத்து, அங்கிருந்து அலுவலக சர்வருக்குப் போகலாம். ஒவ்வொரு நெட்வொர்க்கின் பேட் கருவியுடன் எப்படிப் பேசுவது என்பதை விளக்க, பேட்.இன்ஃப் என்று ஒரு பைல் இருக்கும். ஸ்பிரிண்ட்நெட், இன்ஃபோநெட் போன்ற பெயர்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். என்டியின் வழிவந்த எக்ஸ்பியில் அந்த வசதி அப்படியே தொடர்ந்ததால்தான், நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அந்தப் பட்டன் வந்து உட்கார்ந்தது.

லினக்ஸ் பக்கம், 1999 ஜனவரியில் வெளிவந்த 2.2 கெர்னலில் எக்ஸ்.25 இருந்தது, ஆனால் சோதனை நிலையில் உள்ளது என்ற எச்சரிக்கையுடன். இங்கு விலை இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம். இந்த இலவசத்தின் மறுபக்கத்தைப் பின்னர் பார்ப்போம்.

அனுப்பியவரே பொறுப்பு: டிசிபி/ஐபி வழி

இரண்டாவது கட்சியின் வேர்களில் ஒன்றும் பிரான்சிலேயே இருக்கிறது. லூயி பூசான் 1970களின் தொடக்கத்தில் சிக்லாட் என்ற நெட்வொர்க்கை உருவாக்கினார். அதில் அழைப்பு கிடையாது. கற்பனை வழி கிடையாது. முகவரி எழுதிய பாக்கெட்டை உள்ளே போட்டால், போய்ச் சேர்ந்தால் சேரும், தொலைந்தால் தொலையும். தொலைந்ததைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்புவது இரு முனைகளில் உள்ள கம்ப்யூட்டர்களின் வேலை. பிரெஞ்சு அரசு டிரான்ஸ்பாக் பக்கம் சாய்ந்தது. சிக்லாட் திட்டத்திற்கு நிதி நின்றது. ஆனால் அதன் கருத்து கடல் கடந்து போனது. அமெரிக்காவில் வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-இல் வெளியிட்ட திட்டத்தில் அந்தக் கருத்து இடம்பெற்றது. அந்தத் திட்டமே பின்னர் டிசிபி/ஐபி ஆனது.

இது சோம்பேறித்தனம் அல்லவா, நெட்வொர்க் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். டெலிபோன் துறையினருக்கும் அப்படித்தான் தோன்றியது. இதற்குப் பதிலை எம்ஐடி கல்லூரியைச் சேர்ந்த சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவரும் 1981-இல் ஒரு கட்டுரையில் தெளிவாகச் சொன்னார்கள். ஒரு பைலை அனுப்புகிறீர்கள். வழியில் உள்ள ஒவ்வொரு லைனிலும் பிழை சோதிக்கப்படுகிறது. ஆனால் சோதனை முடிந்து, நடுவில் உள்ள ஒரு ஸ்விட்சின் மெமரியில் காத்திருக்கும்போது ஒரு பிட் மாறிவிட்டால்? அடுத்த லைனில் கெட்டுப்போன அந்தத் தகவலே சரியான தகவலாகச் சோதிக்கப்பட்டு, பத்திரமாக அனுப்பி வைக்கப்படும். ஆகவே கடைசியில் பைல் சரியாக வந்ததா என்பதை இரு முனைகளும்தான் சோதித்தாக வேண்டும். முனைகள் எப்படியும் சோதிக்கப் போகின்றன என்றால், நடுவழியில் இவ்வளவு செலவு செய்து சோதிப்பதில் பெரிய பயன் இல்லை.

இந்தப் பதில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் தலையில் பெரிய சுமையை ஏற்றியது. பாக்கெட்டுகளை எண்ணுவது, வரிசைப்படுத்துவது, பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கணிப்பது, மறுபடி அனுப்புவது என எல்லா வேலையும் அதற்கு வந்து சேர்ந்தன. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறியது. அதே ஆண்டில் வந்த 4.2பிஎஸ்டி யூனிக்ஸ், இந்த வேலைகளைச் செய்யும் புரோகிராமை ஆபரேட்டிங் சிஸ்டத்திற்குள்ளேயே வைத்து வந்தது. அத்துடன் சாக்கெட் என்ற வசதியையும் தந்தது. ஒரு புரோகிராம், எனக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சாக்கெட் வேண்டும் என்று கேட்டால் போதும். மீதியை சிஸ்டம் பார்த்துக் கொள்ளும். ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் எண். இண்டர்நெட் குடும்பத்திற்கு 2. விண்டோஸிலும் இதே 2 தான். சிசிஐடிடி குடும்பத்திற்கு 10 என்று விண்டோஸ் புரோகிராமர்களுக்கான பைலில் ஓர் எண் ஒதுக்கப்பட்டது. லினக்ஸில் எக்ஸ்.25 குடும்பத்தின் எண் 9.

நம் ஊரில் இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் சேவையைத் தொடங்கியது. ஒன்பது நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 24 அன்று, டிசிபி/ஐபி உள்ளேயே அமைந்த விண்டோஸ் 95 வெளியானது. ஆனால் அன்று பலர் வாங்கியது ஷெல் அக்கவுண்ட். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். அதில் டிசிபி/ஐபி ஓடியது விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில். நம் கம்ப்யூட்டர் வெறும் டெர்மினல். கிட்டத்தட்ட மினிடெல் நிலைமைதான். டிசிபி/ஐபி அக்கவுண்ட் வாங்கியவரின் கம்ப்யூட்டர்தான் உண்மையில் இண்டர்நெட்டின் ஓர் உறுப்பினரானது. அதன் பிறகே படங்களும் பாட்டும் வந்தன.

நெட்வொர்க் நின்றுபோன அக்டோபர்

பொறுப்பு கைமாறினால் ஆபத்தும் கைமாறும் அல்லவா? 1986 அக்டோபரில் அது நடந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் அருகருகே இருந்தன. இடையே சுமார் 400 கெஜம் தூரம். அவற்றுக்கிடையே விநாடிக்கு 32,000 பிட் சென்று கொண்டிருந்த இணைப்பில் திடீரென 40 பிட் மட்டுமே சென்றது. கம்பியில் பழுது இல்லை. நெரிசலில் பாக்கெட்டுகள் தாமதமாயின. தாமதத்தைப் பார்த்த கம்ப்யூட்டர்கள், தொலைந்துவிட்டது என நினைத்து மறுபடி அனுப்பின. அதனால் நெரிசல் இன்னும் கூடியது. ஊரே ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு முன்னே நகரப் பார்த்த கதைதான்.

எக்ஸ்.25 நெட்வொர்க்கில் இப்படி நடப்பது கடினம். முன்பு அனுப்பியதை ஏற்றுக்கொண்டேன் என்று நெட்வொர்க் சொல்லாத வரை, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பாக்கெட் அனுப்பவே அது விடாது. டெலிபோன் துறையினர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதை இங்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் தீர்வு வந்த விதத்தைப் பாருங்கள். வான் ஜேக்கப்சன் என்பவர் பிஎஸ்டி யூனிக்ஸில் உள்ள டிசிபி பகுதியைத் திருத்தி எழுதினார். தொடக்கத்தில் மெதுவாக அனுப்பு. பதில் வர வர வேகத்தைக் கூட்டு. பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு உடனே வேகத்தைக் குறை. 1988-இல் இந்தத் திருத்தத்தை விளக்கி அவர் கட்டுரை வெளியிட்டார். ஒரு கம்பியும் மாற்றப்படவில்லை. ஒரு ஸ்விட்சும் புதிதாக வாங்கப்படவில்லை. முனைகளில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டங்கள் திருந்தின, நெட்வொர்க் பிழைத்தது. நீங்கள் ஒரு பெரிய பைலை டவுன்லோட் செய்திடும்போது வேகம் சிறிது சிறிதாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இந்தக் கொள்கையும் ஒரு காரணம். லினக்ஸ் 2006-இல் க்யூபிக் என்ற மேம்பட்ட முறைக்கு மாறியது. பின்னர் விண்டோஸ் 10-உம் அதே முறைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அப்டேட் செய்தால் போதும். டெலிபோன் கம்பெனியின் அனுமதி தேவையில்லை.

எக்ஸ்.25 தோற்றதற்கு இது ஒரு பெரிய காரணம். இன்னொன்று, பைபர் கேபிள்கள் வந்தபின் லைனில் பிழைகள் அரிதாகிவிட்டன. அரிதான பிழைக்காக ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை நிறுத்திச் சோதனை போடுவது வீண் வேலை ஆனது.

பட்டனை எடுத்தது யார், வைத்திருந்தது யார்?

2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் எக்ஸ்.25 இணைப்பு நீக்கப்பட்டது. வீட்டு வாசகர் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். லினக்ஸில் கதை இவ்வளவு எளிதாக முடியவில்லை.

லினக்ஸில் ஒரு புரோகிராம் சாக்கெட் கேட்டால், அதற்கான மாட்யூல் மெமரியில் இல்லாவிட்டாலும் கெர்னல் தானே தேடி ஏற்றிக் கொள்ளும். வசதியான ஏற்பாடு. ஆனால் எக்ஸ்.25 லைனையே பார்த்திராத ஒரு கம்ப்யூட்டரில், சாதாரண யூசரின் புரோகிராம் ஒன்று 9 என்ற எண்ணைக் கேட்டால் போதும்; யாரும் பல ஆண்டுகளாகத் திரும்பிப் பார்க்காத பழைய புரோகிராம் வரிகள் சிஸ்டத்தின் கருவறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதில் ஓட்டை இருந்தால்?

இருந்தது. 2010-இல் எக்கோநெட் என்னும் பகுதியில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அது 1980களில் பிரிட்டன் பள்ளிகளில் இருந்த ஏகார்ன் கம்ப்யூட்டர்களுக்கான நெட்வொர்க். அந்த ஓட்டைகளை வேறொரு பிழையுடன் கோத்து, சாதாரண யூசர் ஒருவர் முழு அதிகாரம் கொண்ட ரூட் ஆகிவிட முடியும் என்று நிரூபித்துக் காட்டினார்கள். அதே ஆண்டில் எக்ஸ்.25 பகுதியிலும் ஒரு பிழை வெளியானது. அழைப்பில் வரும் பெசிலிட்டீஸ் விவரங்களைச் சரியாகச் சோதிக்காமல் படித்ததால், தவறான விவரம் கொண்ட பாக்கெட் ஒன்றை அனுப்பி கெர்னலையே நிலைகுலைய வைக்கலாம். எக்ஸ்பி விண்டோவில் நாம் பார்த்த நான்காவது கட்டத்தின் பெயரும் அதுவேதான். இதன் பின் உபுண்டு, இத்தகைய அரிய நெட்வொர்க் குடும்பங்களை யாரும் கேட்டாலும் தானாக ஏற்றக் கூடாது என்று ஒரு தடைப் பட்டியலை வைத்தது. எக்ஸ்.25, எக்கோநெட், டெக்நெட் எல்லாம் அதில் உண்டு.

பிறகு ஒவ்வொன்றாக லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டன. எக்கோநெட் 2012-இல். நாவெல் நெட்வொர்க்குகளின் ஐபிஎக்ஸ் 2018-இல். டெக்நெட் 2022 டிசம்பரில் வந்த 6.1 கெர்னலில். எக்ஸ்.25-க்கும் நாள் குறித்தார்கள். 2019 டிசம்பரில், தானியங்கிச் சோதனையில் எக்ஸ்.25 பிழைகள் வந்துகொண்டே இருக்கின்றன, திருத்த ஆள் இல்லை, இதற்கு ஓய்வு கொடுத்துவிடலாமா என்று ஒரு கெர்னல் டெவலப்பர் கேட்டார். அப்போது ஜெர்மனியில் ரவுட்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் இன்ஜினியர், எங்கள் வாடிக்கையாளர்கள் இன்னும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பதில் சொன்னார். அத்துடன் நிற்கவில்லை. 2020-இல் அந்தப் பகுதியைப் பராமரிக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக் கொண்டார்.

இலவசத்தின் மறுபக்கம் என்று மேலே சொன்னது இதைத்தான். விண்டோஸில் ஒரு வசதி இருப்பதும் போவதும் ஒரு நிறுவனத்தின் முடிவு. லினக்ஸில் அதைக் கவனிக்க ஒருவர் இருந்தால் இருக்கும். இல்லாவிட்டால் முதலில் ஓட்டையாகும், பிறகு நீக்கப்படும். பயன்படுத்துபவர் ஒருவராவது இருக்கும்போது நீக்கினால் அவர் தெருவில் நிற்பார். யாரும் பயன்படுத்தாததை வைத்திருந்தால் எல்லாருடைய வீட்டிலும் ஒரு கதவு திறந்து கிடக்கும். இரண்டில் எது சரி என்பதை ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

1. பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரை இண்டர்நெட்டில் இணைக்க வேண்டாம். மைக்ரோசாப்ட் அதற்கான பாதுகாப்பை 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்திவிட்டது. எக்ஸ்.25 பட்டனை இணைப்பில்லாமலே பார்க்கலாம்.

2. விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள், கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் பீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து, எஸ்எம்பி 1.0 என்பதற்கு எதிரே டிக் இருக்கிறதா எனப் பாருங்கள். இதுவும் ஒரு பழைய புரோட்டோகால். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாக்ரை, இதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. மிகப் பழைய பிரிண்டரோ ஸ்டோரேஜ் கருவியோ அதை நம்பி இல்லையெனில், டிக்கை எடுத்துவிடுங்கள்.

3. லினக்ஸ் பயன்படுத்துபவர்கள், டெர்மினலில் எல்எஸ்மாட் கட்டளை கொடுத்தால் இப்போது மெமரியில் உள்ள மாட்யூல்களின் பட்டியல் கிடைக்கும். நீங்கள் கேள்விப்படாத நெட்வொர்க் பெயர் ஏதேனும் இருந்தால், அது ஏன் வந்தது என்று தேடிப் பாருங்கள். தெரியாமல் எதையும் அழித்துவிட வேண்டாம்.

4. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அப்டேட்களைத் தள்ளிப் போடாதீர்கள். எக்ஸ்.25 காலத்தில் நெட்வொர்க்கின் பாதுகாப்பு டெலிபோன் துறையின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நாம் வாங்கிக்கொண்டு நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அது உங்கள் மேஜையில், உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அப்டேட் செய்யட்டுமா என்று அது கேட்கும்போது, அப்புறம் பார்க்கலாம் என்ற பட்டனை அழுத்தும் முன் இதை ஒரு முறை நினைத்துக் கொள்ளுங்கள்.